குமுதாவின் குற்ற அறிக்கைகள்

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, குமுதா குரலைத் தாழ்த்தினாள்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்."

மடித்த துணிகளை வாங்க வந்திருந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பவித்ரன் அப்போதே ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

"போன மாசம் ஒங்க சாம்பல் கலரு சிலுவார்ல முட்டிகிட்ட ஒரு கறை இருந்துச்சுல்ல? மைனு நெனச்சிருப்பீங்க. மை இல்ல சார். நான் குடிச்ச கோப்பி. கழுவிப் பாத்தேன், போகல. சொல்லாம மடிச்சுக் குடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

பள்ளி மணி அடிக்க இன்னும் ஏழு நிமிடம்தான் இருந்தது. "பரவால்லலா அக்கா," என்று சொல்லிவிட்டுப் பவித்ரன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். குமுதாவின் முகம் தெளிந்துவிட்டது. மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

பத்து காஜா என்ற ஊரின் கடைத்தெருவில் உள்ள டோபிக்கடையில் குமுதா பதினாறு வருடமாக இஸ்திரி போடுகிறாள். வயது ஐம்பத்து நான்கு. சிறைக் காவலர்களின் சீருடை, மருத்துவமனைத் தாதிகளின் வெள்ளை உடுப்பு, கல்யாணத்துக்குப் போகிறவர்களின் பாத்தேக் சட்டை எல்லாம் அவள் கையில்தான் நிமிர்கின்றன. பிடிவாதமான சுருக்கத்தைக் கண்டால், "யாருகிட்ட?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் பெட்டியை வைப்பாள். பெரும்பாலான சுருக்கங்கள் அந்தக் கேள்விக்கே பாதி பணிந்துவிடும்.

இந்த அறிக்கையிடும் பழக்கம் மூன்று வருடத்துக்கு முன் வந்தது. அவள் போகும் சபை ஒரு மோட்டார் பட்டறையின் மேல்மாடியில் கூடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் கனகராஜ் யாக்கோபின் நிருபத்தைத் திறந்து, விசுவாசிகள் தங்கள் குற்றங்களை ஒருவரிடம் ஒருவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று பேசினார். எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டு மீகூன் சாப்பிடப் போனார்கள். குமுதா மட்டும் தட்டோடு நேராகப் போதகரிடமே போனாள்.

"பாஸ்டர், போன வாரம் நீங்க பேசறப்ப தலைய ஆட்டிக்கிட்டே இருந்தேன்ல? அது ஒத்துக்கிட்டு ஆட்டல. தூங்கிட்டேன்."

போதகர் அன்று அதைப் பெரிய ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் ஊருக்கு வினை வந்தது. ஆரம்பத்தில் அவள் தன் குற்றங்களோடு நிற்கவில்லை. கணவன் குற்றங்களையும் சேர்த்து அறிக்கையிட்டாள். தனேஸ்வரன் செம்பனை லாரி ஓட்டுபவர், சபைப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவார். பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரம் காற்றில் ஒடியவில்லை, தனேஸ்வரன் பழம் பறிக்கக் கிளையோடு ஒடித்தார் என்கிற செய்தி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. போதகர் நேரில் வந்து, அவரவர் குற்றத்தை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினார். அன்றிலிருந்து போதகர் எப்போது வந்தாலும் தனேஸ்வரனே எழுந்து போய், பால் கூடுதலாக ஊற்றித் தேநீர் கலக்கிக் கொடுக்கிறார்.

சபையில் குமுதாவுக்கு நெருங்கிய தோழி விமலா. மருந்துக்கடையில் வேலை. ஒன்பது வருடமாக ஞாயிறுதோறும் தன்னுடைய பழைய கஞ்சில் காரில் குமுதாவை ஏற்றிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விடுகிறவள். சபையின் மைக், ஒலிபெருக்கி, பித்தான்கள் நிறைந்த அந்தக் கறுப்புப் பெட்டி எல்லாம் அவள் பொறுப்பு. ஜெபத்தில் இருவரும் கைகோத்துக்கொள்வார்கள், மீகூனை ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

சென்ற மார்ச் மாதம், ஆராதனை முடிந்து திரும்பும்போது, காரில் அணைப்பதற்கு இஸ்திரிப் பெட்டி இல்லாததால் குமுதா குளிர்சாதனத்தை அணைத்தாள்.

"விமலா, ஒரு விஷயம் சொல்லணும். ஒன் பாயாசம் நல்லாருக்குனு ஒவ்வொரு தடவையும் சொன்னேன்ல? பொய்மா. பட்டறைக்குப் பின்னால லோங்காங்ல ஊத்திட்டேன். எல்லாத் தடவையும்."

விமலா காரை ஓரமாக நிறுத்தினாள். சாக்கடைக்குப் போன பாயாசத்துக்காக அவள் கோபப்படவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே, அப்படியானால் தானும் ஒன்று சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

"பாட்டுக் குழுவுல ஒங்க மைக்கு இருக்கில்லக்கா. ஆறு வருசமா அதத் தொறந்ததே இல்ல."

குமுதா ஆறு வருடமாகக் குழுவின் இடது ஓரத்தில் நின்று பாடுகிறாள். சனிக்கிழமை மாலையிலிருந்து யாரோடும் பேசாமல் தொண்டையைக் காப்பாற்றுவாள். இஞ்சியும் தேனும் குடிப்பாள். அந்தக் குழுவே தன் குரலில்தான் நிற்கிறது என்று அவளுக்கு ஓர் அபிப்பிராயம்.

"ரிப்பேரா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. நான்தான் மூடி வச்சேன். சுருதிய விட்டு நீங்க ஒரு பக்கம் போனா, மத்தவங்களும் பின்னாலயே வந்துர்றாங்க."

"பாஸ்டருக்குத் தெரியுமா?"

"அவருதான் சொன்னாரு."

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று குமுதாவுக்கு நன்றாகத் தெரியும். நூறு பேரிடம் கேட்டு வாங்கிய சொல் அது. 'பரவால்லலா' என்பது தொண்டைவரை வந்தது, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கதவைத் திறந்து இறங்கி, காலிச் சாப்பாட்டு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மீதி இரண்டு கிலோமீட்டரையும் வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

நடந்ததைக் கேட்ட தனேஸ்வரன் சோற்றைப் பிசைந்துகொண்டே, தனக்கும் அது தெரியும் என்றார். "கிறிஸ்மஸ்க்கு வந்தேன்ல. ஒன் வாய் மட்டுந்தான் அசைஞ்சிச்சு."

அந்த வாரம் குமுதா எந்தச் சுருக்கத்திடமும் எதுவும் கேட்கவில்லை. பரமண்டல ஜெபம் சொல்லும்போது, பிறரை நாம் மன்னிப்பதைப் பற்றிய வரி வந்ததும் நின்றுவிடுவாள். ஆண்டவரிடம் பொய் சொல்லக் கூடாது என்று அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள். விட்டுவிட்டதையும் கடைசியில் அவரிடமே சொல்லிவிடுவாள். ஞாயிறன்று முட்டிவலி என்று போதகருக்குச் செய்தி அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். பத்து மணிக்குமேல் அது உறுத்தியது. ஆராதனை முடியும் நேரம் பார்த்து அவரைக் கூப்பிட்டு, முட்டி வலிக்கவில்லை, மனசுதான் வலிக்கிறது, பொய் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும் என்றாள். அவர் உடனே மன்னித்தார். மைக் விஷயத்தில் தன்னையும் மன்னிக்கும்படி அவர் கேட்கத் தொடங்கியபோது குமுதா போனை வைத்துவிட்டாள்.

மன்னிப்பது எப்படி என்பதை, தன்னை மன்னித்தவர்களிடமே கேட்பது என்று திங்கட்கிழமை முடிவு செய்தாள். முதலில் அகப்பட்டவர் பவித்ரன். அன்றைக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் பரவாயில்லை என்று சொல்ல முடிந்தது என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். உண்மையில் தனக்கு அன்று பயங்கரக் கோபம் என்றார். அடுத்த மூன்று வாரம் துணியை வேறு டோபியிடம் போட்டதாகவும், அங்கே சிலுவாரின் ஜிப்பையே பிய்த்துவிட்டதாகவும், அதனால் திரும்பி வந்ததாகவும் ஒத்துக்கொண்டார்.

பிறகு தாதி தர்சிகா வந்தாள். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். வீட்டுப் பேச்சு இன்னும் நாக்கைவிட்டுப் போகவில்லை. அவளுடைய வெள்ளைச் சீருடையை ஒரு முறை தரையில் போட்டுவிட்டுத் துவைக்காமலேயே மறுபடி இஸ்திரி போட்டதைக் குமுதா போன வருடம் அறிக்கையிட்டிருந்தாள்.

"எனக்கு அண்டைக்கு டூட்டிக்கு நேரமாச்சு அக்கா. அதுதான் பரவாயில்லை எண்டு சொன்னனான்."

"இப்ப, மிசி?"

"இப்பவும் சின்னக் கோவம் இருக்கு," என்று சொல்லிவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த நான்கு சீருடைகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

குமுதா அந்த நான்கையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபத்தோடும் கொண்டுவந்து கொடுக்கிறார்களே என்று நினைத்தாள். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு ஏனோ சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை மாலை விமலாவுக்கு, "நாளைக்கு எட்டரைக்கு" என்று மட்டும் செய்தி அனுப்பினாள். விமலா எட்டு மணிக்கே வந்து வாசலில் நின்றாள். வழியெல்லாம் சாலையில் இருக்கும் குழிகளைப் பற்றி மட்டும் இருவரும் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

பாட்டுக் குழு எழுந்து நின்றது. குமுதா இடது ஓரத்தில் தன் இடத்துக்குப் போனாள். கறுப்புப் பெட்டிக்கு முன் உட்கார்ந்திருந்த விமலா அவளையே பார்த்தாள். பிறகு ஒரு விரலால் ஏதோ ஒன்றை மேலே தள்ளினாள். ஆறு வருடத்தில் முதல் முறையாக, குமுதாவின் மைக்கில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

குமுதா கண்ணை மூடி, மூச்சை இழுத்து, பாடினாள்.

இரண்டு சுவர்களிலும் இருந்த ஒலிபெருக்கிகள் வழியாக அவள் குரல் சபை முழுவதும் போய், அவளிடமே திரும்பி வந்தது. முதல் வரிசையில் ஒரு கைக்குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது. கீழே பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. போதகர் கனகராஜ் வேதப்புத்தகத்தில் அவசரமாக எதையோ தேடினார். வலது பக்கம் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பாட்டை விட்டு நழுவி, குமுதா போன பக்கம் போகத் தொடங்கினார்கள்.

குமுதா கண்ணைத் திறந்தாள். தன் குரலை முழுசாகக் கேட்டாள். பாட்டை நிறுத்தவில்லை, அந்த வரியைக் கடைசிச் சொல்வரை பாடி முடித்தாள். அடுத்த வரிக்கு வாயைத் திறந்துகொண்டே, முகத்தில் புன்னகை மாறாமல், வலது கையை விமலாவின் பக்கமாக நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெதுவாகக் கீழே இறக்கினாள். விமலா ஒலியைக் கொஞ்சம் குறைத்தாள். போதவில்லை. குமுதாவின் கை இடுப்பைத் தாண்டி, தொடையைத் தாண்டி, முட்டிவரை இறங்கியது.