கடலை மறிக்கக் கடலிலிருந்தே கல்

எழுபதுகளில் நான் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தேன். மத்தியானச் சோறு அத்தை வீட்டில். கரையில் கடைசி வீடு அதுதான். அதற்கப்புறம் கொஞ்சம் மணல், பிறகு கடல். அடுக்களை வாசலில் நின்றால், தூரத்துப் பவளப்பாறைமேல் அலை உடைவது வெள்ளைக் கோடாகத் தெரியும்.

மாமாவுக்கு அந்தப் பாறைதான் பிழைப்பு. கடல் அமர்ந்த நாளில் வள்ளத்தில் போய், முங்கி, கடப்பாரையால் பெயர்த்து, வள்ளம் தாங்குகிற மட்டும் ஏற்றி வருவார். முருகைக்கல் என்போம். ஊரில் பல வீடுகளுக்கு அஸ்திவாரம் அந்தக் கல்தான்.

"கடல்ல கல்லு முளைக்கி. அள்ள அள்ள முளைக்கும்" என்பார் மாமா. முளைப்பது நிஜம். ஒரு கல் வளர எத்தனை தலைமுறை ஆகும் என்பதைத்தான் நாங்கள் யாரும் கேட்டு வைக்கவில்லை.

ஒரு வாடைக்காலத்தில் அலை அத்தையின் கோழிக்கூட்டைக் கொண்டுபோனது. அடுத்த வாடைக்கு முருங்கைமரம். மாமாவிடம் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது: பௌர்ணமி, காற்று, பூசைக்கு வராதவர்களின் பாவம். கடைசியில் அத்தையின் வீட்டைக் காப்பாற்றத் தடுப்புச்சுவர் கட்டுவதென்று முடிவு செய்தார். கல்லுக்கென்ன பஞ்சம்? வள்ளம் வள்ளமாக வந்தது. சுவர் உயர உயர அலையும் கிட்ட வந்தது. அலை கிட்ட வர வர அவர் இன்னும் கல்லுக்குப் போனார். அப்படி உழைத்த மனிதரை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை கேட்டாள்.

"இந்தாரும், அங்கன வெள்ளையா அலை உடையும்லா, இப்பம் எங்க?"

"கடல் அமந்திருக்குளா. நல்லதுதான."

"அங்கன அமந்துட்டு, நம்ம வாசல்ல வந்துல்லா உடையுது. கடலுக்க சாமானைத் தூக்கி இங்கன அடுக்கி வச்சா, தேடி வராதா?"

"உன் வீட்டுக்காவத்தானளா இந்தப் பாடு" என்ற மாமா என் பக்கம் திரும்பினார். "மருமவனே, நீயே சொல்லு. கல்லு கடலுக்குள்ள கெடந்தா யாருக்குப் பிரயோசனம்?"

என் தட்டில் விளைமீன் துண்டு இருந்தது. "மீனு குடியிருக்கும்லா மாமா" என்றேன்.

"அது வேற எங்கனயாவது போயிக்கிடும்."

மீன் போனது. அடுத்த வாடையில் அத்தையும் போகவேண்டியதாயிற்று. பெரிய அலை ஒன்றில் சுவர் சாய்ந்தது. சாய்ந்ததும் வீட்டுப் பக்கமாகத்தான். அலை இடித்தது பாதி அடுக்களையை. மீதியை மாமாவின் கல் இடித்தது.

கோயிலுக்குப் பின்னால் புது வீடு எழும்பியது. கடல் கல் ஒன்றுகூட வரக்கூடாது என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டாள். மாமா தலையாட்டினார். ஏரல் பக்கமிருந்து லாரியில் செங்கல் வந்தது, ஆற்றங்கரை வயல் மண்ணை வெட்டிச் சுட்டது. வெட்டின வயல் இப்போது குளம்போல் கிடக்கிறது என்று லாரிக்காரர் சொன்னதை அத்தையிடம் சொன்னேன்.

அவள் ஒரு செங்கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சொன்னாள்:

"இருக்கட்டும்லே. ஆறு அங்கனயே கெடக்கும். இம்புட்டுத் தூரம் வராது."