லேபிள் இல்லாத பாட்டில்

போன சனிக்கிழமை சந்தையில் ஹில்டா கேட்ட ஒரு சின்னக் கேள்விக்கு நான் தப்பாகப் பதில் சொன்னேன். ஜெர்மனியில் நான் இருக்கும் இந்த ஃப்ரைபூர்கில் மண் ஒட்டிய கேரட்டுக்குத்தான் மதிப்பு. பளிச்சென்று கழுவி வைத்தால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஹில்டாவின் கூடைகள் ஒவ்வொன்றிலும் இயற்கை வேளாண்மைச் சான்றிதழின் முத்திரை இருக்கும். பயோடைனமிக் முறையில் பயிரிடுகிறவள் அவள். பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, பிறகு எடுத்து நீரில் கலக்கித் தெளிப்பாள். அன்று கேரட்டை நிறுத்துக்கொண்டே, "உன் அண்ணனின் நிலம்..." என்று ஏதோ தொடங்கியவள், "லேப்ட் எர் நோஹ்?" என்று முடித்தாள். இன்னும் உயிரோடு இருக்கிறானா? "இருக்கிறான், பிழைத்துவிட்டான்" என்றேன். அவள் குழம்பிப்போய், கேரட்டிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளிக் காட்டினாள். அவர்கள் மொழியில் மண் ஆண்பால், அதையும் 'அவன்' என்றுதான் சொல்வார்கள். அவள் கேட்டது மண்ணைப் பற்றி. நான் காசை எடுத்து நீட்டினேன்.

அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அண்ணனின் நிலம். வேலு அண்ணனை இந்த வழிக்கு இழுத்தவள் நான்தான். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடித்து வந்து, ஹில்டாவின் கடைப் படங்களை வாரம் தவறாமல் அனுப்பினேன். "மாட்டுக் கொம்ப பொதைச்சிட்டு நான் சாமியாடணுமா பாப்பா?" என்று சிரித்தவன், கடைசியில் பக்கத்து நிலத்து ஏழுமலையோடு சேர்ந்து ஐந்து குடும்பங்களைக் குழுவாக்கினான். குழுவுக்கு ஒரே சான்றிதழ். ஒருவர் பூச்சிமருந்து அடித்தாலும் எல்லோருக்கும் போய்விடும். எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையையும் கேப்பையையும் ஏழுமலை தன் வேனில் திண்டிவனம் சந்தைக்குக் கொண்டுபோவார். முத்திரையைப் பார்த்துப் புதுச்சேரிக்காரர்கள் காரில் வந்து வாங்கிப் போனார்கள்.

போன ஆடியில் விடுமுறைக்குப் போயிருந்தேன். மழை பெய்த நாலாம் நாள் கம்பளிப்புழு வந்தது. தரையே நகர்ந்து வருவதுபோல வரப்பைத் தாண்டி வந்தது. வேப்பெண்ணெய் தெளித்தோம், சுற்றிலும் பள்ளம் வெட்டினோம். மல்லாட்டைச் செடிகள் இலையிழந்து குச்சியாகிக்கொண்டே போயின. காது கொடுத்தால் தின்னும் சத்தம் கேட்டது. அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினான். ஹில்டா ஒரு வருடம் கீரை முழுவதையும் நத்தைக்குப் பறிகொடுத்துவிட்டு, தோளைக் குலுக்கிக்கொண்டு உருளைக்கிழங்கோடு சந்தைக்கு வந்தாள். அண்ணனுக்கு அந்தப் பட்டத்தில் மல்லாட்டையை விட்டால் வேறு எதுவும் இல்லை. படங்கள் அனுப்பியபோது இதை நான் யோசிக்கவில்லை.

மறுநாள், நிலத்தில் ஆளில்லாத உச்சி வெயிலில் அங்கே போன அண்ணன் தள்ளாடிக்கொண்டு திரும்பினான். வாயோரம் எச்சில் வழிந்தது. கை உதறியது. கண்மணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. நான் பம்புசெட் அறைக்கு ஓடினேன். நனைந்த தெளிப்பான், அதன் பக்கத்தில் லேபிளைச் சுரண்டி எடுத்த ஒரு பாட்டில். அறை முழுக்க மருந்து வாடை. பாட்டிலைத் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஏழுமலைதான் வேனை எடுத்தார். பின்னால் காலிச் சாக்குகளின் மேல் அண்ணனைக் கிடத்தி, அண்ணியும் நானும் பிடித்துக்கொண்டோம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகளுக்கு நடுவே நின்றபோது, அவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "வெயில்ல மயக்கம்னு சொல்லு பாப்பா. மருந்துன்னு வாயத் தொறக்காத. அஞ்சு குடும்பம்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அண்ணனின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன மருந்து அடிச்சாரு?" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தாள். "காலைலேர்ந்து வெயில்ல நின்னுக்கினு இருந்தாருங்க. வேற ஒண்ணும் இல்லிங்க."

"சொன்னாதாம்மா வைத்தியம் பண்ண முடியும்."

"அவுரு மருந்தையே தொட மாட்டாருங்க சார்," என்றார் பக்கத்தில் நின்ற ஏழுமலை. "எங்களுது இயற்கை வெவசாயம். வேணும்னா சான்றிதழ காட்றேன்." போனில் அதன் படத்தைத் தேடவும் ஆரம்பித்துவிட்டார்.

அண்ணனின் மூச்சு கரகரத்தது. நான் கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, நர்சைக் கூப்பிட்டபடி உள்ளே ஓடினார். ஏழுமலை போனைச் சட்டைப்பையில் வைத்தார். சற்று நேரம் கழித்து வெளியே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

அண்ணன் பிழைத்தான். பேச்சு வந்ததும் முதலில் கேட்டது இதுதான்: "எந்த ஊரு பொண்ணா அத எடுத்து நீட்டுன?"

"உன் தங்கச்சியாத்தாண்ணா."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் பூச்சிமருந்து விஷம் என்று எழுதியது அதிகாரிகள் காதுக்கு எட்டி, சான்றிதழ் எல்லோருக்கும் போனது. குழாயடியில் என்னைக் கண்டதும் ஏழுமலையின் மனைவி பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். அதற்குப் பிறகு யாருக்கும் ஒளிக்க எதுவும் இல்லை. நான் கிளம்புவதற்குள் ஐந்து பேரின் நிலத்திலிருந்தும் அந்த வாடை வர ஆரம்பித்தது. வாடைக்கு வரப்பு கிடையாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீடியோவில் கூப்பிடுகிறான். முகத்தைக் காட்டுவதில்லை. போனை வரப்பில் சாய்த்துவைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறான். திரை முழுக்க மார்கழிப் பட்டத்து மல்லாட்டை, ஒரு பூச்சி பறக்காத பச்சை. எங்கோ அவன் இருமுகிறான். கூடவே தெளிப்பானின் கைப்பிடி ஏறி இறங்கும் சத்தம். "அண்ணா, மூஞ்சில துணி கட்டியிருக்கியா?" என்று கத்துகிறேன். சத்தம் நிற்பதில்லை. பயிரின் மேல், திரையின் ஒரு மூலையில், ஸ்வெட்டர் போட்ட என் முகம் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெளிப்பானிலிருந்து வரும் மருந்துச் சாரல் காற்றில் சாய்ந்து அந்த மூலைப் பக்கமாக வருகிறது. நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறேன்.