மால்-சுன் வரைந்த வீடு

மால்-சுன்னுக்கு அறுபத்தொரு வயது. மொக்போ துறைமுகத்துக்குப் பின்சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்கட்டு வேலை. வாரத்துக்கு ஒரு நாள் பண்பாட்டு மன்றத்தில் ஓவிய வகுப்புக்குப் போவாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அவளும் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஊறுகாய்க் கடை ஹ்வா-யோன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"வீட்டுல உக்காந்து சுவத்தையே வெறிச்சுப் பாத்துட்டு இருக்கியே, அதையே காகிதத்தைப் பாத்துப் பண்ணேன்டீ."

மால்-சுன்னின் புருஷன் கி-ஹோங் ஒற்றை ஆளாகச் சின்னப் படகில் பேய்க்கணவாய் பிடிக்கப் போகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் போனான். எட்டாம் நாள் தீவுப் பக்கம் படகு மட்டும் மிதந்து கிடைத்தது. உள்ளே அவன் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, பாதி தின்ற சோற்று உருண்டை. ஆளைக் காணோம்.

எந்த நாளில் செத்தார்கள் என்றே தெரியாமல் போனவர்களுக்கு நிலாக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் படையல் போடுவது ஊர் வழக்கம். புருஷனின் அண்ணன் கி-சோல் வருஷா வருஷம் வந்து, படையல் போடலாமா என்று கேட்பார். அவளும் வருஷா வருஷம் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "பொணத்தைக் காட்டுங்க மாமா, அப்புறம் பேசலாம்." மனுஷர் வந்த வழியே திரும்பிவிடுவார்.

அவள் செய்தது இவ்வளவுதான். தினமும் சாயங்காலம் சோறு வெந்ததும் முதல் அகப்பையை அவன் கிண்ணத்தில் போட்டு மூடிவைப்பாள், கரண்டியைப் பக்கத்தில் படுக்கவைப்பாள். வெளியூர் போனவனுக்கு அப்படித்தான் வைப்பார்கள். செத்தவனுக்கென்றால் மூடியைத் திறந்து, சோற்றின் நடுவில் கரண்டியைக் குத்தி நிறுத்தவேண்டும். மறுநாள் காலையில் அந்தச் சோற்றில் வெந்நீர் ஊற்றி அவளே குடித்துவிடுவாள்.

வகுப்பில் முதலில் அடிப்படத்தைத் தாளுக்குக் கீழே வைத்துக் கோடு இழுக்கப் பழக்கினார்கள். இரண்டு வருஷம் போனபின் டீச்சர் சொன்னாள்: "பழைய படத்தை உங்க காலத்துக்கு மாத்துங்க. கண்காட்சி வைக்கப் போறோம்." ஹ்வா-யோன் பழைய படத்துப் புலிக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி, சாப்பாடு டெலிவரி பைக்கில் ஏற்றிவிட்டாள். இன்னொருத்தி புத்தக அலமாரிப் படத்தில் புத்தகங்களை எடுத்துவிட்டு கப் நூடுல்ஸும் லிப்ஸ்டிக்கும் தலைவலி மாத்திரையும் அடுக்கினாள். சிரிப்புக்குக் குறைவே இல்லை.

மால்-சுன் அடிப்படங்களின் கட்டுக்குள் வீடு எதுவும் இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றே ஒன்று கிடைத்தது. ஓட்டுக்கூரை, திறந்த கதவு, நடுவில் நெட்டுவாக்கில் ஒரு வெற்றிடம், முன்னால் படையல் மேசை.

"அக்கா, இது முன்னோருக்குப் படைக்கிற வீடு. கோயில் கட்ட வழியில்லாதவங்க இந்தப் படத்தை மாட்டி, அந்த வெற்றிடத்துல பெயர்ச்சீட்டு ஒட்டிக் கும்பிடுவாங்க," என்றாள் டீச்சர்.

"நான்தான் எல்லாத்தையும் மாத்திடப் போறேனே டீச்சர். மாத்திட்டா அது வெறும் வீடுதானே?"

மாற்றத்தான் செய்தாள். ஓட்டுக்கூரை போய் அவர்களின் ஐந்து மாடிக் குடியிருப்பு வந்தது. துருப்பிடித்த மாடிப்படிக் கம்பி, பால்கனியில் காயும் அவனுடைய சாக்ஸ். மேசையில் சோஜு சாராயப் பாட்டில், காய்ந்த கருவாடு, போன் சார்ஜர், மூடிய சோற்றுக் கிண்ணம், படுத்த கரண்டி. நடுவிலிருந்த வெற்றிடத்தைத் தங்கள் வீட்டு ஜன்னலாக்கினாள். அதில் மட்டும் வண்ணம் பூசவில்லை. விளக்கு எரிகிறது என்று அவளுக்குள் கணக்கு. கட்டின மனைவி விளக்கை அணைக்கவில்லை என்று வருகிறவனுக்குத் தெரியட்டுமே.

கண்காட்சி திறந்த நாள் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளாக அமைந்தது. தேதி குறித்தவர்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கி-சோல் வந்தார். அவருக்கு எழுபது வயது. இந்த வருஷமும் கேட்டுப் பார்க்கலாம் என்று பையில் பெயர்ச்சீட்டை எழுதியே கொண்டு வந்திருந்தார். நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"ஏம்மா," என்றார். "அவனுக்கு வீடே கட்டிட்டியேம்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"இல்ல மாமா, அது..."

அவர் காதில் விழவில்லை. வரவேற்பு மேசையிலிருந்து டேப்பைக் கிழித்து வந்து, தம்பி பெயர் எழுதிய வெள்ளைச் சீட்டை அந்த ஜன்னலில் ஒட்டினார். அளவெடுத்து வெட்டியதுபோல் பொருந்தியது. பளிங்குத் தரையில் முழங்காலிட்டு நெற்றி தரையில் படக் கும்பிட்டார். எழுந்தார். மறுபடியும் கும்பிட்டார்.

இதுவும் கண்காட்சியில் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்து யாரோ கை தட்டினார்கள். இரண்டு மூன்று போன்கள் மேலே எழுந்தன. ஹ்வா-யோன் பாய்ந்து போய் மறித்தாள். "ஏய், எடுக்காதீங்கய்யா! அறிவில்ல?"

மால்-சுன் நினைத்திருந்தால் சீட்டைக் கிழித்திருக்கலாம். கை எழவில்லை. அடுக்குமாடி வரைந்தாலும் சாக்ஸ் காயப்போட்டாலும் தான் வரைந்தது என்ன என்று முதல்முறையாகப் பார்த்தாள். கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் அது தெரியாமல் இருந்திருக்கிறது. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"கிண்ணத்து மூடியத் திறக்க மறந்துட்டியேம்மா," என்றார் கி-சோல். கண்டிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்பாகத்தான் சொன்னார். "பரவால்ல. அவன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்."

கும்பிட்டு முடிந்தால் சீட்டை எரிக்கவேண்டும். கி-சோல் அதைப் பிய்த்தபோது டேப்போடு ஜன்னலின் மேல்தாளும் கொஞ்சம் உரிந்து வந்தது. வாகனம் நிறுத்துமிடத்தில் கி-சோல் லைட்டரை அவள் கையில் கொடுத்தார். "நீதாம்மா பத்தவைக்கணும்." காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாம் தடவை பற்றிக்கொண்டது. கருகிய துணுக்கு ஒன்று கார்களின் மேல் பறந்து கடல் பக்கம் போனது.

"இனிமே நிம்மதியா இரும்மா," என்று சொல்லிவிட்டு அவர் பஸ் பிடிக்கப் போனார். மூன்று வருஷமாகச் சுமந்த பாரத்தை இறக்கிவைத்தவரின் நடை அது. மால்-சுன்னுக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சாயங்காலம் சோறு வெந்தது. முதல் அகப்பையை அவன் கிண்ணத்தில் போட்டாள். மூடியை எடுத்தாள். ஆவி முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் மூடியும் கையுமாகவே நின்றாள். பிறகு அதைக் கழுவுதொட்டியில் போட்டுவிட்டு, கரண்டியை எடுத்துச் சோற்றின் நடுவில் குத்தி நிறுத்தினாள். கரண்டி சாயாமல் நின்றது.