தாளைவிட்டு எழுந்த ஆறு மூலை

எல்லம்மாள் வரைந்தால் மூலக்கூறு தாளில் படுத்திருக்காது, எழுந்து நிற்கும். நம் பக்கம் வரும் பிணைப்புக்கு ஆப்பு போலத் தடித்த கறுப்புக் கோடு, தாளுக்குப் பின்னால் போவதற்கு விட்டுவிட்டு இழுத்த கோடு. மணவூர்ப் பக்கம் களையெடுக்கும் குடும்பத்தில் பிறந்து எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவள். திருத்தணியில் வாடகை அறை பிடித்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். படங்களைத் தன் கையாலேயே வரைந்து கொடுப்பாள்.

சில நாளாக டியூஷனுக்கு வராத மாணவி அபியைப் பார்க்கப் பொதட்டூர்பேட்டைக்குப் போனாள். அந்த வீட்டில் தறி ஓடவில்லை. மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள். கூடத்தில் அபி கண் செருகிக் கிடந்தாள்; கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள். தலைமாட்டில் மஞ்சள்பொடி வட்டம். அதற்குள் எல்லம்மாள் வரைந்த தாள். அபி மூச்சு விடும்போதெல்லாம் அதன் ஓரம் துடித்தது.

“தலகாணிக்கு அடியில இருந்திச்சி,” என்றார் அபியின் அப்பா கங்காதரன். “முருகன் எந்திரத்துக்கு ஆறு மூலை. இதுக்கும் ஆறு. ஒரு பக்கம் கறுத்துக்கினு வெளிய வருது. எந்திரத்தத் திருப்பிப் போட்டு வெச்சிருக்கே.”

“இது குளுக்கோஸ்ங்க. ஆஸ்பத்திரில ஏத்துவாங்களே, அதான்.”

“சர்க்கரைக்கு எதுக்குடி கொம்பு?” என்றாள் அபியின் அம்மா புஷ்பலதா.

“டெங்கு மாதிரி இருக்குங்க. மொதல்ல தூக்குங்க!”

“மந்திரிக்கிறவர் நாளைக்கு வர்றாரு. அவரு எடுக்காம வாசப்படி தாண்டக் கூடாது,” என்றார் கங்காதரன்.

இதையே கோயில் குருக்கள் வீட்டுப் பெண் வரைந்திருந்தால் சட்டம் போட்டுப் பூசையறையில் மாட்டியிருப்பார்கள். சேரிப்பெண் கைபட்டால் மட்டும் சூனியம். அதைச் சொல்லத்தான் எல்லம்மாள் வாயெடுத்தாள். அபியின் ஈறில் ரத்தம் கசிவதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

வட்டத்தின் முன் உட்கார்ந்தாள்.

“ஆங், நான்தான் வெச்சேன். நானே எடுத்துடறேன்.”

கண்ணை மூடி முணுமுணுத்தாள்: ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம்... நின்றவர்கள் சுவரோரம் ஒடுங்கினார்கள். அந்தக் குரல் வேறு யாருடையதோ போல ஒலிக்க, அவளுக்கே மயிர் சிலிர்த்தது. தாளைக் கொளுத்தினாள். எரியும்போது ஆறு மூலையும் சுருண்டு அவளைப் பார்க்க நிமிர்ந்தன.

“போயிடிச்சி. இப்ப ஓடுங்க!”

ஆஸ்பத்திரியில் அபி பிழைத்தாள். அதன்பின் டியூஷனுக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. எல்லம்மாள் தெருவில் நடந்தால் பேச்சு நின்றது. அதுவரை “டீ” போட்டுக் கூப்பிட்டவர்கள் “அம்மா” என்று ஒதுங்கி வழி விட்டார்கள்.

ஒருநாள் விடிந்து கதவைத் திறந்தால், படியேறாமல் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் நின்றிருந்தார்.

“பங்காளி நெலத்த வளச்சிட்டாம்மா. அவன் பேர்ல ஒண்ணு போட்டுக் குடு.”

“அது மந்திரமில்லய்யா! கெமிஸ்ட்ரி! கெமிஸ்ட்ரி!”

அவர் பயபக்தியோடு கைகூப்பினார்.

“ஆங், அந்தக் கெமிஸ்ட்ரிதாம்மா.”