குணலட்சுமிக்கு யார் பிணை

கொக்குவில் குணலட்சுமிக்கு நாற்பது வயதில் படிக்க இடம் கிடைத்தது. தாதிமாருக்கான பட்டப்படிப்பு. ஆசுப்பத்திரி வேலையை விட வேண்டியதில்லை. பாடங்கள் தபாலில் வரும். இடைக்கிடை கொழும்புக்குப் போய் வந்தால் போதும். அதை முடித்தால் முதுமாணி, அதற்குமேல் கலாநிதி.

"அப்ப இனி டொக்டர் குணலட்சுமி எண்டோ கூப்பிடுறது?" என்று ஆசுப்பத்திரி வாட்டில் பகிடி பண்ணினார்கள்.

"எப்பவும்போலை மிஸி எண்டே கூப்பிடுங்கோ. நான் கூப்பிட்டா வந்து நில்லுங்கோ, அது காணும்."

வெளியே சிரித்தாலும் அந்தக் கலாநிதிப் பட்டத்தில் அவளுக்கு உண்மையாகவே ஆசை. சண்டையால் மருந்து வராத வருடங்கள் அவை. சீழ் பிடித்த புண்ணுக்குப் பப்பாக்காயை மசித்து வைத்துக் கட்டினார்கள். ஒருவனுக்கு ஆறியது. அடுத்த கட்டிலில் கிடந்தவனுக்குக் காலையே எடுக்க வேண்டி வந்தது. ஏனென்று சொல்ல ஒருவருமில்லை. அதைப் படித்துத்தான் அறிய வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

1994ஆம் ஆண்டு. குடாநாட்டை விட்டுப் போவதற்கு, அதைக் கையில் வைத்திருந்த இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று இன்னொருவர் பிணை நிற்க வேண்டும். அவர் வருமட்டும் பிணை நின்றவர் எங்கும் வெளிக்கிட ஏலாது. வராமலே விட்டால் விசாரணை, சிலவேளை அதைவிட மோசமாகவும் நடக்கும்.

அவளுடைய கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் வெளிநாட்டில். புருசன் சிவசுப்பிரமணியம் கணக்கு வாத்தியார். அவர் தன் தமக்கையின் மகனுக்குப் பிணை நின்று ஏற்கெனவே மாட்டுப்பட்டிருந்தார்.

"டொக்டரிட்டைக் கண் காட்டப் போறன் மாமா எண்டுதானே போனவன். உவன் இப்ப கனடாவிலை கார் ஓடுறான். என்ரை பிணையை நாய்கூட எடுக்காது," என்றார்.

கடைசியில் கூட வேலை செய்யும் யசிந்தாதான் முன்வந்தாள். குருநகர்ப் பெண். அவள் புருசன் சிமியோன் கடலில் மீன்பிடிக்கப் போய், வள்ளம் மட்டும் கரையொதுங்கியது. பழஞ்சீலையைக் கிழித்துப் புண்ணுக்குக் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "நான் நிக்கிறன் அக்கா. எனக்கெங்கை போக்கிடம்?" என்றாள்.

பாஸ் கிடைத்தது. முதல் தடவை கொழும்பில் ஒரு மாதம் தங்க வேண்டும். கிளாலிக் கடலை வள்ளத்தில் கடப்பதற்கு ஆளும் பேசியாயிற்று. அந்தக் கிழமைதான் யசிந்தாவின் மகள் யோசப்பினுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை. ஒப்பிறேசனுக்குக் கெதியிலை கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னார் டொக்டர். தாய் வந்து கையெழுத்து வைக்காமல் அங்கே கத்தி வைக்கமாட்டார்கள். தாயோ பிணையில்.

"நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ அக்கா," என்றாள் யசிந்தா. "ஒரு மாதம் தாங்குமெண்டா நீங்கள் போட்டு வாங்கோ. பிறகு நான் கொண்டு போறன்."

குணலட்சுமி பிள்ளையின் கட்டிலில் இருந்தாள். தாங்கும் என்று சொல்லிவிடலாம். இதைவிட மோசமான பிள்ளைகள் மாதக்கணக்கில் இழுத்துக் கிடந்ததையும் அவள் கண்டிருக்கிறாள். காலை அமத்திப் பார்த்தாள். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. உதடும் நகமும் நீலம்.

"தாங்காது," என்றாள்.

சொன்ன பிறகு பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டு, வெளி விறாந்தைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். யசிந்தா பின்னால் வரவில்லை.

குணலட்சுமி தன் பாஸைத் திருப்பிக் கொடுத்தால்தான் யசிந்தாவின் பிணை நீங்கும். அதைச் செய்தாலும் யசிந்தாவுக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டுமே. குருநகர்ச் சனம் இடம்பெயர்ந்து சிதறிப்போய்க் கிடந்தது. கேட்க ஆளில்லை.

"நீர் நிக்கப் போறீரோ?" என்று கேட்டார் சிவசுப்பிரமணியம்.

"வேறை ஆர் நிக்கிறது?"

"ஒப்பிறேசன் செய்த பிள்ளைக்கு வருசக்கணக்காக் கிளினிக் இருக்கும். அதைக் கொண்டு இஞ்சை ஆர் திரும்பி வருவினம்? அவள் வரமாட்டாள். அவள் வராட்டி உமக்குப் படிப்புமில்லை, பயணமுமில்லை. விளங்குதோ?"

"விளங்குது. கத்தாதேங்கோ, முன்வீட்டுக்குக் கேக்கும்."

யசிந்தா "வந்திடுவன் அக்கா" என்றாள். குணலட்சுமி அந்தச் சொல்லை நம்பவில்லை. மறுத்துக் கதைக்கவுமில்லை. பாஸ் கொடுக்கும் இடத்தில் இருந்த பெடியன், "அவ திரும்பி வருவாவோ?" என்று கேட்டான்.

"வருவா," என்றாள் குணலட்சுமி.

யசிந்தா வரவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டது என்று கொழும்பால் வந்த ஒருவர் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. குணலட்சுமியை இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டாந்தரம் பகல் முழுக்க வெயிலில் இருத்தி வைத்தார்கள். வாட்டில் யசிந்தாவின் வேலையும் அவள் தலையில் விழுந்தது. அடுத்த வருடத்துப் படிப்பு தொடங்கிய நாளும் வந்து போயிற்று.

அன்றைக்குச் சாப்பாட்டுக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, "கவலையோ?" என்று கேட்டார் சிவசுப்பிரமணியம்.

"ஓம்," என்றாள். "சரியான கவலை."

அவள் மிச்சச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடினாள்.