மடிப்பு மேஜைப் பந்தி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘மடிப்பு’ என்றுதான் பெயர். இருபத்துநாலு வயது. நான் ஒரு படுக்கை விரிப்பை உதறி முடிப்பதற்குள் அவள் நாலை மடித்து அடுக்கிவிடுவாள். பெற்றவர்களை விட்டுவிட்டுப் பிழைக்க வந்தவள். அவளையும் என்னையும் சேர்த்து அப்படி வந்தவர்கள் பதினொரு பேர். பண்டிகை என்றால் ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் போவார்கள், அன்றைய வேலை எங்கள் தலையில் விழும்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பண்டிகையன்று, துணி உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டாள். “அழுதா துணி காயாது, வாங்கக்கா” என்று இழுத்துப்போய், துணி மடிக்கும் மேஜைமேல் வெள்ளை விரிப்பைப் போட்டு, தன் டிபன் டப்பாவைத் திறந்து வைத்தாள். அப்புறம் ஒவ்வொரு பண்டிகைக்கும் ஆளுக்கொரு பாத்திரம், ஒரே பந்தி. சுத்தமான துணி இருக்கும் இடத்தில் சாப்பிட்டால் வேலை போய்விடும் என்பது தெரியாமல் இல்லை.

போன பண்டிகையன்று கதவைத் திறந்துகொண்டு நிர்வாக அதிகாரி அம்மா வந்து நின்றார். மடிப்பு முகத்தில் ஈயாடவில்லை; அந்த மாதம்தான் அவள் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. அதிகாரியின் தாயார் மேலே வார்டில் இருந்தாராம். விரிப்பு நனைந்துவிட, மாற்று விரிப்பைத் தானே எடுத்துப்போக இறங்கி வந்திருக்கிறார்.

“இன்னைக்கு லீவாச்சே. நீங்கல்லாம் யாரு?”

“இங்க வேலை பாக்கிறவங்கதான் மேடம். எல்லாப் பண்டிகைக்கும் நாங்கதான்” என்றாள் மடிப்பு.

எங்களைவிட அந்த அம்மாதான் ஆடிப்போனார். “ஒன்பது வருஷமா இங்க இருக்கேன். பண்டிகைன்னா இந்த ரூம் பூட்டியிருக்கும்னுதான் நெனச்சிருந்தேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் மேலே நானூறு கட்டிலுக்கும் விரிப்பு தானே நடந்து போய்ப் படுத்துக்கொண்டதா?

யாருக்கும் வேலை போகவில்லை. மடிப்புக்கு நிரந்தர உத்தரவே வந்தது. கூடவே ஒரு நோட்டீஸ்: அடுத்த பண்டிகைக்கு எங்கள் பதினொரு பேருக்கும் சம்பளத்தோடு விடுமுறை, குடும்பத்தோடு கொண்டாடவும். நல்ல மனசோடு போட்டதுதான். படித்துவிட்டுத் திக்கென்று நின்றோம்.

“எங்க போறதுக்கா? ஒரு நாள் லீவுல ஊருக்குப் போய்த் திரும்ப முடியுமா?” என்று கேட்டாள் மடிப்பு.

அந்தப் பண்டிகையும் வந்தது. அறைச் சுவரைப் பார்த்து உட்காரப் பிடிக்காமல், சமைத்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் மற்றப் பத்துப் பேரும் எனக்கு முன்னால் நிற்கிறார்கள், கையில் ஆளுக்கொரு பாத்திரத்தோடு. யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை.

வாட்ச்மேன் வாயைப் பிளந்தார். “உங்களுக்குத்தான் லீவு குடுத்தாச்சே. இங்க எதுக்கு வந்தீங்க?”

“பண்டிகைக்கு வீட்டுக்கு வரக்கூடாதாண்ணே?” என்றாள் மடிப்பு.