சல்லடையில் தங்கிய சோளம்

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் முட்டைக் கோழிப் பண்ணையை நினைத்தால், கண்ணைக் கரிக்கும் எச்ச நெடிக்கும் முன்னால் கோழிகளின் தும்மல்தான் காதில் விழுகிறது. கூண்டில் ஒன்று தொடங்க, வரிசை முழுக்கப் பரவும் சின்னச் சத்தம். அது கேட்ட அன்றே அப்பா கடையில் கிருமியைக் கொல்லும் பொடி வாங்கிவந்து தொட்டித் தண்ணீரில் கலப்பார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'தண்ணி மருந்து'. கடைக்காரர் ஐந்து நாள் கொடுக்கச் சொல்வார். மூன்றாம் நாள் தும்மல் நின்றதும் அப்பா நிறுத்திவிட்டு, மிச்சப் பொட்டலத்தை அடுத்த முறைக்கென்று கோழிக் கொட்டகையான 'செட்டின்' விட்டத்தில் செருகிவிடுவார்.

எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் ஒருநாள் கம்பும் சோளமும் கலந்து, குழுவுக்கு ஒரு சல்லடை கொடுத்தார். தானியம் கிருமி, சல்லடை மருந்து, ஒரு முறை சலிப்பது ஒருநாள் மருந்து. கீழே விழுவது செத்த கிருமி, மேலே நிற்பது ஒன்றுக்கு இரண்டாகப் பெருகும் என்றார். ஒரு குழு ஐந்து முறை சலித்தது. சின்னச் சோளமும் விழுந்துபோய், அவர்களிடம் பெரிய சோளம் நாலைந்துதான் தங்கியது. எங்கள் குழு, மருந்தைப் பாதியில் விட்டதுபோல, மூன்றோடு நிறுத்த வேண்டும். கம்பு முழுக்க விழுந்துவிட்டது. நின்ற சோளத்தோடு ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துக்கொண்டே போனபோது சல்லடை நிறைந்துவிட்டது. மறுபடி சலித்தோம், ஏறக்குறைய எதுவும் விழவில்லை.

"யார் ஜெயிச்சது?" என்றார் டீச்சர்.

"நாங்கதாங்க டீச்சர்" என்று கை தூக்கினேன். "நோஞ்சானெல்லாம் கீழ போயிருச்சு, நல்லது மட்டும் நின்னுருக்குதுங்க."

"நோயாளி செத்துட்டான், இவ ஜெயிச்சுட்டாளாமா!" என்றாள் பின்வரிசைக் கவிதா. வகுப்பே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோர்ந்த கோழிகளைப் பொறுக்கிக் கழித்து, திடமானவற்றை நிறுத்திக்கொள்வதுதான் அப்பாவின் வேலை, நிற்பவை எங்களுடையவை. இங்கே நிற்பவை எதிரி என்றார்கள். நான் யார் பக்கம் இருந்து எண்ண வேண்டும் என்பதே குழம்பிவிட்டது.

அன்று பண்ணையில் மருந்து கொடுத்து மூன்றாம் நாள். தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம், "இன்னும் ரெண்டு நாள் குடுக்கோணுமாங்கப்பா, டீச்சர் சொன்னாங்க" என்றேன்.

"தும்மலே நின்னுருச்சு சாமி, அப்புறம் என்னத்துக்கு? உங்க டீச்சரு எத்தன கோழி வளக்கறாங்களாம்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அடுத்த மாதம் தும்மல் திரும்பியது. அதே பொடியை மூன்று நாள், பிறகு ஐந்து நாள், பிறகு ஏழு நாள் கலந்தும் நிற்கவில்லை. தினமும் காலையில் அப்பா செத்த கோழிகளைத் தீவனச் சாக்கில் போட்டுத் தூக்கிவந்தார். பாதிக் கூண்டு காலியான பிறகு வந்த கால்நடை டாக்டரிடம் நான் முந்திக்கொண்டு, "மூணு நாள்ல நிறுத்துனதாலதானுங்களா?" என்றேன்.

"அதும் இருக்கலாம் கண்ணு" என்றவர் அப்பாவிடம் திரும்பினார். "ஆனா தும்முனப்பவெல்லாம் இதே மருந்தக் குடுத்திருக்கறீங்க. பாதித் தும்மல் தூசியாலயும் எச்ச நெடியாலயும் வர்றது, அதுக்கு இது தேவையே இல்லீங்க. ஒவ்வொரு தடவையும் தாங்குன கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகிருச்சு."

அப்பா காலிக் கூண்டு ஒன்றின் கதவைச் சாத்தினார். பிறகு, "அப்ப கோழியாட்டவே அதையும் நாந்தான் பொறுக்கிப் பொறுக்கி வளத்துருக்கறனுங்களா?" என்றார்.

எத்தனை நாள் மருந்து சரி என்பதை மருத்துவர்களே இப்போது நோய்க்கு நோய் வேறாகச் சொல்கிறார்கள். மூன்றா ஐந்தா என்ற என் குழப்பம் இன்னும் தீரவில்லை. மிஞ்சிய கோழிகளை விற்றதோடு அப்பா பண்ணையை விட்டுவிட்டார். செட்டைப் பிரித்து, தரையில் கிடந்த எச்சத்தை வாரி, அந்த எருவை ஊரில் பல பேர் வண்டிவண்டியாகத் தாங்கள் வெள்ளாமை செய்யும் காட்டுக்கு ஓட்டிப்போனார்கள். கோழி இல்லை, கூண்டு இல்லை, தொட்டியும் இல்லை. நாங்கள் வளர்த்த கிருமி அந்த எருவோடு போய் எந்தக் காட்டில் இருக்கிறது என்பதை மட்டும் யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை.